உங்க புள்ள இங்கதான் இருக்கு

சேற்றேரிக் குடியிருப்பில் வளர்ந்த பிள்ளைகள் பெற்றவர் கண்ணுக்குத் தெரியாமல் போக ஆரம்பித்தது ஒரு திங்கட்கிழமை காலையில். கீழே தண்ணி லாரி வந்து நின்று, குடம் உருளும் சத்தமும் பெண்கள் கத்தும் சத்தமுமாக அந்த அடுக்குமாடிகளே அதிர்ந்துகொண்டிருந்த நேரம் என்பதால், முதலில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கோமளா கம்பெனி வேனைப் பிடிக்கிற அவசரத்தில், ஒரு கையில் சீப்பும் ஒரு கையில் டிபன் டப்பாவுமாக, "லோகு, எந்திரிடா, ஸ்கூலுக்கு நேரமாவுது பாரு" என்று பாயை ஒரு உதை விட்டாள். காலில் இடித்தது முதுகுதான், சந்தேகமில்லை. ஆனால் பாயில் ஆள் இல்லை. போர்வை மட்டும் சலித்துக்கொண்டு அந்தப் பக்கம் புரண்டு படுத்தது. எந்திரிச்சுட்டான் போல என்று நினைத்துக்கொண்டு அவள் சோற்றை இறக்கி வைக்கப் போய்விட்டாள்.

பக்கத்து வீட்டு ஜெசிந்தாதான் வாசலில் நின்று கேட்டாள். "என்னா கோமளா, புள்ள எவ்ளோ நேரமா டீ கேட்டுட்டு நிக்குது, நீ பாட்டுக்குத் தாண்டித் தாண்டிப் போறியே?"

"எங்கக்கா நிக்கிறான்?"

"இதோ, உன் முழங்கை இடிக்கிற தூரத்துல."

கோமளா பார்த்தாள். சுவர் தெரிந்தது, சுவரில் போன வருஷத்துக் காலண்டர் தெரிந்தது. திரும்பி ஜெசிந்தாவைப் பார்த்தபோது, அவள் முதுகுக்குப் பின்னால் அவள் மகன் ஆல்வின் புத்தகப் பையோடு நிற்பது தெரிந்தது. "என்னைச் சொல்ல வந்துட்ட. உன் புள்ள பின்னாடியே நின்னு 'யம்மா, சட்டைப் பட்டன் பிஞ்சிடுச்சு'ன்னு கத்துறானே, காதுல விழலையா?" ஜெசிந்தா திரும்பினாள். "யாரு? எங்கடி?" என்றாள். இப்படி இரண்டு பேரும் ஒருத்தி பிள்ளையை இன்னொருத்திக்குக் கைநீட்டிக் காட்டிக்கொண்டிருக்கும்போதே கீழே வேன்காரன் ஹாரன் அடித்தான். வேனை விட்டால் கதை கந்தல். கோமளா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படியிறங்கி ஓடினாள்.

ஏன் இப்படி ஆயிற்று என்று கேட்காதீர்கள். கேட்டவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு பதில் கிடைத்தது. ஏரியை மூடிக் கட்டினார்களே, அதனால் என்றார்கள். லாரித் தண்ணியில் ஏதோ கலக்கிறார்கள் என்றார்கள். காலேஜிலிருந்து பிள்ளைகள் வந்து கேள்வி கேட்டுவிட்டு, பிஸ்கட் பாக்கெட் கொடுத்துவிட்டுப் போனார்கள். நடந்தது இவ்வளவுதான்: பட்டணத்து ஆற்றோரத்தில் இருந்த குடிசைகளை இடித்து, சனங்களை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து இந்தப் பொட்டல் காட்டு மாடிகளில் இறக்கிவிட்டார்கள், ஆனால் வேலையை மட்டும் பட்டணத்திலேயே விட்டுவிட்டு வந்தார்கள். ஆகையால் தாய்மார் விடிந்தும் விடியாமலும் பஸ்ஸோ வேனோ ஏறினார்கள், விளக்கு வைத்த பிறகு இறங்கினார்கள். ஹைஸ்கூல், பைபாஸ் ரோட்டுக்கு அந்தாண்டை இருந்தது. விளையாட என்று விட்ட இடத்தில் கழிவுநீர் நின்றது. பிள்ளை ஒன்பதாம் வகுப்பில் கால் வைத்ததும், ஆணோ பெண்ணோ, பெற்ற தாய் தகப்பன் கண்ணுக்கு மட்டும் மறைந்துபோனது, குரலும் காதில் விழாமல் போனது. மற்றவர் கண்ணுக்கு எப்போதும்போல் தெரிந்தது. தொட்டால் கைக்குத் தட்டுப்பட்டது, ஆனால் அந்த வயசில் எந்தப் பிள்ளை தாய் கைக்கு எட்டுகிற மாதிரி நிற்கிறது?

சனங்கள் பழகிக்கொண்டார்கள். எதற்குத்தான் பழகவில்லை, இதற்குப் பழகாமல் இருக்க? தட்டில் சோற்றைப் போட்டு வைத்துவிட்டு, சோறு குறைகிறதா என்று பார்த்துப் பிள்ளை சாப்பிட்டதைத் தெரிந்துகொண்டார்கள். ஸ்கூலில் பெற்றோர் கூட்டம் என்றால் பக்கத்து வீட்டுக்காரியையும் கூட்டிக்கொண்டு போனார்கள். தீபாவளிக்கு இவள் பிள்ளைக்கு அவளும் அவள் பிள்ளைக்கு இவளும் தலையில் எண்ணெய் வைத்தார்கள். யாருடைய பிள்ளையை யார் எங்கே பார்த்தாலும் பெற்றவரிடம் வந்து, "உங்க புள்ள இங்கதான் இருக்கு" என்று சொல்லிவிட வேண்டும் என்பது குடியிருப்பின் வழக்கமாகவே ஆகிவிட்டது. வந்த நாளிலிருந்து முகம் கொடுத்துப் பேசாதவர்கள்கூட இதற்காகப் பேசிக்கொண்டார்கள். "உங்க புள்ள இங்கதான் இருக்கு, மாடிப்படில." "உங்க புள்ள இங்கதான் இருக்கு, அழுவுது, என்னான்னு கேளுங்க." உண்மையைச் சொன்னால் அந்தக் கொஞ்ச காலம் நன்றாகத்தான் இருந்தது.

கோமளாவின் புருஷன் எத்திராஜ் லாரி ஓட்டுகிறவன். மாசத்தில் எப்போதாவது வருவான், வந்தால் பிள்ளையை அடிப்பான். அது அவனுக்குத் தெரிந்த வளர்ப்பு, அவன் அப்பன் அவனை அடித்த பெல்ட்டின் தம்பியை வைத்து இவன் தன் மகனை அடித்தான். பிள்ளை கண்ணுக்குத் தெரியாமல் போன பிறகும் விடவில்லை. வீட்டுக்கு நடுவில் நின்று காற்றில் பெல்ட்டை வீசுவான், அது சுவரில் படும், டிவியில் படும், அவன் காலிலேயே படும். பிறகு எதிர்வீட்டுக்காரரைக் கூப்பிட்டு வாசலில் நிற்க வைத்தான். அந்த மனுஷனும், நல்லவர்தான், கையைக் கட்டிக்கொண்டு, "இடது பக்கம்ப்பா. இன்னும் கொஞ்சம் கீழ. ம், பட்டுது" என்று சொல்லிக் கொடுத்தார். பட்டபோது கோமளாவுக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். குழம்பு அடிப்பிடித்தது.

சண்டை வந்தது மழைக்காலத்துக்கு முன்னால். ஒரு சாயங்காலம் கோமளா வேனிலிருந்து இறங்கி, மூச்சு வாங்க மாடியேறி வந்து, தாழ்வாரத்தில் பக்கெட்டை வைத்துத் துணி அலசிக்கொண்டிருந்தபோது ஜெசிந்தா பக்கத்தில் வந்து நின்றாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "கோமளா, தப்பா எடுத்துக்காத. உன் புள்ள ஒரு வாரமா ஸ்கூல் பக்கமே போகல. பைபாஸ் முனையில அந்த டில்லிப் பய ஷெட்டுல உக்காந்திருக்கான். கையில சிகரெட்டு" என்றாள்.

கோமளாவுக்கு வந்ததே கோபம்! கோபம் ஜெசிந்தாமேல் இல்லை, அது அவளுக்கே தெரியும். நாள் முழுக்க யாரோ படித்தவர்கள் மிதித்த தரையைத் துடைத்துவிட்டு, நாள் முழுக்க யார் யாரிடமோ "சாரி சார்" சொல்லிவிட்டு வந்தவளுக்கு, தன் வாசலிலும் தலை குனிய முடியவில்லை. "எனக்குப் புள்ள வளக்கத் தெரியாதுன்னு சொல்றியா? உன் புருஷன் ஓடிப்போனதுக்கு நான் வந்து கேட்டனா?" என்று கத்திக்கொண்டே அழுக்குத் தண்ணியைப் பக்கெட்டோடு தூக்கி ஜெசிந்தா தலையில் ஊற்றிவிட்டாள். மாடி முழுக்கக் கூடிவிட்டது. அன்றைக்கு மற்ற மாடிகளிலும் இதே மாதிரிப் பேச்சில் சில மண்டைகள் உடைந்தன.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மின்பெட்டிப் பக்கத்தில் எல்லாரும் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். அக்கம்பக்கம் ஒற்றுமையாக இருக்க வேண்டும். ஆகவே அடுத்தவர் பிள்ளையைப் பற்றி நல்லதை மட்டும் சொல்ல வேண்டும். எல்லாருக்கும் பிடித்துப்போயிற்று, கைகூடத் தட்டினார்கள். கோமளாவும் ஜெசிந்தாவும் அன்றைக்கே ராசியாகி, ஒருத்திக்கொருத்தி மீன் குழம்பு கொடுத்துக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு சேற்றேரியில் கெட்ட பிள்ளையே இல்லை. கோமளா பைபாஸ் ஓரத்தில் ஆல்வின் டில்லியின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து, மடியில் ஒரு பொட்டலத்தை வைத்துக்கொண்டு போவதைக் கண்ணாரப் பார்த்தாள். வந்து, "உன் புள்ள டியூஷன் போனான்க்கா" என்றாள். ஜெசிந்தா, "உன் லோகு லைப்ரரில உக்காந்து படிக்கிறான்" என்றாள். சேற்றேரியில் லைப்ரரியே கிடையாது. அது சொன்னவளுக்கும் தெரியும், கேட்டவளுக்கும் தெரியும். "அப்படியா, சந்தோஷம்க்கா" என்று கோமளா கதவைச் சாத்திக்கொண்டாள்.

இந்த டில்லியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பைபாஸ் முனையில் தகரக் கொட்டகை போட்டு பைக், கார் கழுவிக் கொடுக்கிறவன். பொடிசுகள் எல்லாம் டில்லி அண்ணன் என்றுதான் கூப்பிடும். குரலை உயர்த்திப் பேசமாட்டான், குடிக்கமாட்டான். கல்யாணம் ஆகவில்லை, பிள்ளைகுட்டி இல்லை, அதனால் குடியிருப்பில் இருக்கிற அத்தனை பிள்ளையும் அவன் கண்ணுக்குத் தெரிந்தது. பெற்ற தாய் தன்னைத் தாண்டித் தாண்டிப் போகிறாள், அப்பன் காற்றில் பெல்ட் வீசுகிறான், கத்தினாலும் கேட்பாரில்லை என்று ஒரு பிள்ளை மாடியிறங்கி வந்தால், அங்கே ஒருத்தன் தண்ணிக் குழாயை நிறுத்திவிட்டு, முகத்தை நேராகப் பார்த்து, "சாப்ட்டியாடா?" என்று கேட்டான். பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்து முன்னால் வைத்தான். எந்தப் பிள்ளைக்குத்தான் நெஞ்சு இளகாது, சொல்லுங்கள். பிறகு ஒரு பையைக் கொடுத்து, இதை அங்கே கொடுத்துவிட்டு வா என்றான். தன் பிள்ளையைத் தவிர மற்ற எல்லாப் பிள்ளையும் அந்தப் பையைத் தூக்குகிறது என்று சேற்றேரியில் எல்லாருக்கும் தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்த ஜெசிந்தா, மாடிப்படியில் நின்று குடியிருப்பே கேட்கிற மாதிரி அலறினாள். "என் புள்ளையப் பாத்துட்டேன்! ஐயோ மாதாவே, என் புள்ள எனக்குத் தெரியிறான்!" எல்லாரும் ஓடிவந்து பார்த்தார்கள். ஆல்வின் நின்றுகொண்டிருந்தான், ஜெசிந்தா அவன் கன்னத்தைத் தடவினாள், மீசையைத் தடவினாள், "எவ்ளோ வளந்துட்டடா" என்று அழுதாள். அவன் தூரத்துச் சொந்தக்காரம்மா யாரோ தடவுகிற மாதிரி நெளிந்துகொண்டு நின்றான். ஜெசிந்தா ஒரு சட்டி கேசரி கிண்டி வீடு வீடாகக் கொடுத்தாள். எந்த ஜெபம் பண்ணினாய், எந்தக் கோயிலுக்கு நேர்ந்துகொண்டாய் என்று தாய்மார் எல்லாம் அவளைச் சுற்றிக்கொண்டார்கள். கோமளா கேசரியைத் தொடாமல் மூடி வைத்தாள், அவ்வளவு பொறாமை.

அன்றைக்குச் சாயங்காலம் கோமளா தேங்காயெண்ணெய் வாங்கக் கடைக்குப் போனபோது டில்லி வந்தான். "ஆல்வினை எவனாச்சும் பாத்தீங்களாடா?" என்று கேட்டான். ஆல்வின் அவனுக்கு எதிரிலேயே சோடாப் பெட்டியில் சாய்ந்துகொண்டு நின்றான். "கண்ணுக்கு முன்னாடியே நிக்கிறான்ணே" என்று கடைக்காரர் சிரித்தார். டில்லி வெட்கப்பட்டுக் கண்ணைக் கசக்கிக்கொண்டு, "சோப்புத் தண்ணி பட்டுப் பட்டுக் கண்ணே பூத்துப்போச்சு" என்றான். எல்லாரும் சிரித்தார்கள், கோமளாவும் சிரித்தாள்.

அந்த மாசம் முடியவில்லை. பைபாஸ் பாலத்துக்கடியில் யாரையோ வெட்டிவிட்டார்கள் என்று ஜீப் வந்தது. ஸ்கூல் பேன்ட்டோடு ஆல்வினை ஏற்றிக்கொண்டு போனார்கள். சின்ன வயசு என்பதால் சீர்திருத்தப் பள்ளியில் வைத்தார்கள். கண்ணு பட்டுடுச்சு, அந்தக் கேசரி கொடுத்திருக்கக் கூடாது என்று சனங்கள் பேசிக்கொண்டார்கள். ஜெசிந்தா வாராவாரம் பையில் முறுக்கும் சோப்பும் எடுத்துக்கொண்டு போய் வந்தாள். "எப்படிக்கா இருக்கான்?" என்று கோமளா கேட்டாள். டியூஷன் என்று சொன்ன வாயால்தான் கேட்டாள். ஜெசிந்தா அவளைத் திட்டவில்லை, மண்ணை வாரித் தூற்றவில்லை. "போனா நல்லாத் தெரியிறான் கோமளா. பளிச்சுன்னு தெரியிறான்" என்றாள். அப்புறம் கோமளாவுடைய வீட்டுக்குள் ஒரு மூலையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். "சாப்ட்டான்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகு கோமளாவுக்குத் தூக்கம் இல்லை. எழுந்து எழுந்து பாயைத் தடவிப் பார்த்தாள். சில நாள் முதுகு தட்டுப்பட்டது, பல நாள் வெறும் பாய்தான் கிடந்தது. தட்டில் வைத்த சோறு வைத்தபடி காய்ந்தது. "லோகு, இருக்கியா? இருந்தா அந்தச் சொம்பைத் தட்டி விடுடா" என்று காலி வீட்டில் பேசினாள். சொம்பு அசையவில்லை. ஜெசிந்தாவுக்குக் கிடைத்த மாதிரி எனக்கும் ஒரே ஒரு தடவை அவனைக் கண்ணில் காட்டு, அதற்குப் பிறகு என்ன வேண்டுமானாலும் வரட்டும் என்று அம்மன் கோயில் வாசலில் விழுந்து கும்பிட்டாள். என்ன கேட்கிறோம் என்று அவளுக்குத் தெரியவில்லை, பாவம்.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் கம்பெனியில் மத்தியானத்தோடு பூஜை போட்டு, பொரி பொட்டலம் கொடுத்து வேனில் ஏற்றிவிட்டார்கள். வெயில் நன்றாக அடித்துக்கொண்டிருந்தபோதே கோமளா பைபாஸ் முனையில் இறங்கினாள். டில்லியின் ஷெட்டில் வாழைக்கன்று கட்டியிருந்தது, கழுவித் துடைத்த பைக்குகளுக்கெல்லாம் சந்தனப் பொட்டு வைத்திருந்தது. பையன்கள் பூசணிக்காயில் சூடம் ஏற்றிச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் தூணில் சாய்ந்துகொண்டு ஒருத்தன் நின்றான். நெட்டையாக இருந்தான், மேல் உதட்டில் மீசை கறுத்திருந்தது, போட்டிருந்த சட்டையின் கை மணிக்கட்டுக்கு எட்டவில்லை. கோமளா சட்டையைத்தான் முதலில் அடையாளம் கண்டுகொண்டாள். போன தீபாவளிக்கு அவள் வாங்கியது.

"லோகு!"

அவளுக்கு வந்ததெல்லாம் சந்தோஷம், சந்தோஷம், வேறு ஒன்றுமே இல்லை. என் சாமி, என் தங்கம், எவ்வளவு நாள் ஆச்சு உன் முகத்தைப் பார்த்து என்று அழுதுகொண்டே ஓடினாள், பொட்டலம் பிரிந்து பொரியெல்லாம் ரோட்டில் சிந்தியது. பையன்கள் பூசணிக்காயைத் தூக்கிக்கொண்டு அவளைத் தாண்டி ரோட்டுக்குப் போனார்கள். அவள் மகன் அவளை மரியாதையாகப் பார்த்தான்.

"ஆன்ட்டி, பாத்து வாங்க, தரையெல்லாம் சோப்பு. வழுக்கும்" என்றான்.

கோமளா அப்படியே நின்றாள். குரல் உடைந்து, கட்டையாகியிருந்தது. அந்தக் குரலை அவள் அதுவரைக்கும் கேட்டதே இல்லை.

அப்போது உள்ளேயிருந்து டில்லி வந்தான், நெற்றியில் விபூதி, கையில் ஒரு தட்டு. தட்டில் ஸ்பானர் இருந்தது, திருப்புளி இருந்தது, அதற்கு நடுவில் புதுசாகச் சாணை பிடித்த நீளக் கத்தி ஒன்று சந்தனமும் குங்குமமும் வைத்துக் கிடந்தது. "எங்கடா லோகு?" என்றான் டில்லி. "நாளைக்கு அந்தப் பாலத்து வேலைக்கு இது அவன் கையிலதான் போகணும். எங்கடா என் புள்ள?"

"இங்க இருக்கேண்ணே" என்றான் லோகு. அவன் டில்லிக்கு நேர் எதிரில் நின்றான்.

டில்லி அவன் தலைக்கு மேலாக ரோட்டைப் பார்த்தான். ஒரு கையில் தட்டைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை முன்னால் நீட்டிக் காற்றைத் துழாவினான். கோமளா தினமும் தன் வீட்டில் துழாவுவாளே, அதே துழாவல்தான்.

லோகு அவள் பக்கம் திரும்பினான். "ஆன்ட்டி, அண்ணனுக்கு நான் தெரியமாட்டேங்குறேன். உங்க புள்ள இங்கதான் இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லுங்களேன்."

ஜெசிந்தாவின் கேசரி, சோடாப் பெட்டியில் சாய்ந்து நின்ற ஆல்வின், பளிச்சுன்னு தெரியிறான் கோமளா என்று சொன்ன அந்த வறண்ட முகம், எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து அவள் கண்முன் வந்து நின்றது. பெற்றவருக்குத் தெரியாது, மற்றவருக்குத் தெரியும். அவளுக்கு இப்போது தெரிகிறது, டில்லிக்குத் தெரியவில்லை.

"யக்கா, லோகுவைப் பாத்தீங்களா?" என்று டில்லி பணிவாகக் கேட்டான்.

கோமளா மகனுடைய மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அவனைத் தன் முதுகுக்குப் பின்னால் இழுத்துவிட்டாள். "இங்க இல்லப்பா. இங்க யாருமே இல்ல" என்றாள்.

டில்லியின் கை அவள் தோளுக்குப் பக்கத்தில் காற்றைத் தடவிக்கொண்டு வந்தது. அவள் ஒதுங்கினாள். திரும்பி மகன் முகத்தோடு முகம் வைத்து, உதடு மட்டும் அசைய, "மறைஞ்சு போடா கண்ணு. அம்மா கண்ணுக்குத் தெரியாம போயிடுடா. இனிமே உன்னைப் பாக்கணும்னு கேக்கமாட்டேன், உன் குரலைக் கேக்கணும்னு கேக்கமாட்டேன், பாயைத் தடவிக்கிட்டே காலத்தை ஓட்டிடுறேன், என் ராசா, மறைஞ்சு போடா" என்று கெஞ்சினாள். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்.

ரோட்டில் பூசணிக்காய் உடைகிற சத்தம் கேட்டது. பையன்கள் சிரித்துக்கொண்டே ஷெட்டை நோக்கித் திரும்பி வரும் சத்தமும் கேட்டது. "ஆன்ட்டி, கையை விடுங்க, வலிக்குது" என்றான் அவள் மகன்.

கோமளா கண்ணைத் திறந்தாள். அவன் கழுத்து மச்சம் வரைக்கும் பளிச்சென்று தெரிந்தான்.